ஒன்பது புள்ளி ஏழு எட்டு

அவரிடம் போய் "நல்லா இருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. நாம் யாரும் பதிலை எதிர்பார்த்து அதைக் கேட்பதில்லை. அவரோ அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்வார். கொஞ்சம் யோசிப்பார். "இன்னிக்கு நல்லா இல்லீங்க. இடது முட்டி புடிச்சிருக்குது. காலையில அம்மாகூடச் சண்டை. மத்தபடி பரவால்லீங்க" என்பார். கேட்டவர் அதற்குள் நாலு எட்டு தள்ளிப் போயிருப்பார்.

சூலூரைத் தாண்டிப் பல்லடம் போகிற வழியில் இருந்த ஒரு சுயநிதிக் கல்லூரியில் இருவரும் வேலை பார்த்தோம். நான் தமிழ், அவர் இயற்பியல். சிங்காநல்லூரில் ஒரே நிறுத்தத்தில் கல்லூரிப் பேருந்து ஏறுவோம் என்பதால் பக்கத்து இருக்கை என்று ஆகிவிட்டது. கல்லூரி முழுக்க அவரை "பிசிக்ஸ் மேடம்" என்றது. நான் மட்டும் அக்கா என்பேன். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். அம்மாவும் அவரும் மட்டும்தான். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று ஒருமுறை வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"பொண்ணு பாக்க வந்தவங்க சமைக்கத் தெரியுமான்னு கேட்டாங்க. சுமாரா வருமுங்கன்னு சொன்னேன். அப்பறம் ஆரும் வரலீங்க" என்றார். சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

எங்கள் கல்லூரி வணிகவியல் ஆசிரியர் ஒருவர் கடன் வாங்கி வீடு கட்டி, புதுமனை புகுவிழாவுக்கு எல்லாரையும் கூப்பிட்டிருந்தார். ஆளாளுக்குப் புகழ்ந்து தள்ளிக்கொண்டிருந்தோம். அக்கா குளியலறைக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துத் தரையில் ஊற்றினார். தண்ணீர் மூலையில் இருந்த ஓட்டைக்குப் போகாமல் நேராகக் கதவைப் பார்த்து வந்தது. "வாட்டம் தப்பா இருக்குதுங்க. நல்ல நாளும் அதுவுமா சொல்றேன்னு நெனைக்காதீங்க. டைல்ஸ் போட்டவங்க ஊருக்குப் போறதுக்குள்ள கூப்பிட்டு மாத்திப்போடுங்க" என்றார். வீட்டுக்கார அம்மாவின் முகம் சுருங்கிப் போனது. சாப்பாட்டுப் பந்தியில் எங்களுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பிறகு வாட்டத்தை மாற்றினார்கள், அது வேறு விஷயம். அதற்காக யாரும் அவருக்கு நன்றி சொல்லவில்லை.

இந்தக் குணத்தோடு ஒருவர் இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. நம் ஊரில் அறிவியல் படித்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், "ரீடிங் போடுவது" என்றால் என்னவென்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நூலில் ஒரு குண்டைக் கட்டி ஆட விட்டு, அது ஆடுகிற நேரத்தை அளந்து, பூமி பொருள்களை எவ்வளவு வேகமாகத் தன் பக்கம் இழுக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். விடை ஒன்பது புள்ளி எட்டு என்று புத்தகத்திலேயே இருக்கிறது. அதனால் பிள்ளைகள் விடையை முதலில் எழுதிவிடுவார்கள். அதிலிருந்து பின்னால் வந்து, அந்த விடைக்கு என்ன நேரம் அளந்திருக்க வேண்டுமோ அதைக் கட்டங்களில் நிரப்புவார்கள். குண்டு சும்மா ஆடிக்கொண்டிருக்கும். ஆசிரியர்களுக்கும் தெரியும், தேர்வுக்கு வருகிற வெளியாளுக்கும் தெரியும். கல்யாண வீட்டில் மொய்க்கவரைப் பிரிக்காமல் வாங்கிப் பையில் போடுவது போல எல்லாரும் வாங்கிப் போட்டுக்கொள்வார்கள்.

அக்காவிடம் அது நடக்காது. ஒன்பது புள்ளி மூன்று வந்தால் ஒன்பது புள்ளி மூன்று என்று எழுத வேண்டும். ஏன் குறைந்தது என்று சொல்லத் தெரிந்தால் முழு மதிப்பெண். ஒன்பது புள்ளி எட்டு என்று அச்சடித்தது போல் வந்தால்தான் ஆபத்து.

அப்படி ஒரு பெண் மாட்டிக்கொண்டாள். உடுமலைப்பேட்டைப் பக்கம், அப்பா கயிறு மில்லில் கூலி வேலை. நன்றாகப் படிக்கிறவள், என் வகுப்பிலும் முதல் வரிசையில் உட்காருவாள். செய்முறைத் தேர்வில் அவள் தாளில் ஒன்பது புள்ளி எட்டு பூஜ்யம் என்று இருந்தது.

"இது எங்கிருந்து வந்துச்சு கண்ணு?"

"ரீடிங்ல இருந்துதானுங்க மேடம். நெசமா எடுத்தேனுங்க."

"இந்த நூலுலயும் இந்த வாட்ச்சுலயும் அது வராது கண்ணு."

அந்தப் பெண் அழுதிருக்கிறாள். அக்கா மதிப்பெண் போடவில்லை. செய்முறைத் தேர்வில் தோற்றால் மறுபடி எழுத அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டும். வீட்டில் ஏற்கனவே மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்கள், ஒரு சாக்குத்தான் தேவைப்பட்டது. கல்யாணப் பத்திரிகை கல்லூரிக்கு வந்து சேர்ந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. பேருந்தில் ஏறியதுமே அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு நம்பருக்காக ஒரு புள்ளையோட படிப்பையே நிறுத்திட்டீங்களேக்கா."

"மார்க்கு சேத்திப் போடுன்னா போட்டுருவேனுங்க. பொய்ய நெசம்னு கையெழுத்துப் போட எனக்குத் தெரியலீங்க" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சில நாள் நான் அவரோடு பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவர் தன் கருவியைக் கட்ட ஆரம்பித்திருந்தார்.

"புத்தகத்துல இருக்கற நம்பர் ஆரோ எங்கியோ அளந்ததுங்க. அது எடத்துக்கு எடம் மாறும். நம்மூருக்கு ஒன்பது புள்ளி ஏழு எட்டு வரோணும். வரோணும்னு கணக்குதான் சொல்லுது, ஆரும் இங்க நின்னு அளந்து எனக்குக் காட்டுனதில்லை. பூமி நம்மள எவ்வளவு இழுக்குதுன்னு நாமளே ஒருக்கா அளந்து பாத்துப்போட்டா என்னங்க?" இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த ஆசையை நான் வேறு எதற்காகவும் பார்த்ததில்லை. நகைக்கடையில்கூட அந்த முகம் வந்ததில்லை.

கணபதியில் ஒரு பட்டறையில் சொல்லி ஆளுயரத்துக்கும் மேலே ஓர் இரும்புச் சட்டம் செய்து வாங்கி வந்தார். அதன் உச்சியில் கம்பி சுற்றிய காந்தம். கரண்ட் கொடுத்தால் அது ஒரு பேரிங் குண்டைப் பிடித்துக்கொள்ளும். பொத்தானை அழுத்தினால் கரண்ட் போய்விடும், குண்டு விழும், அந்த நொடியில் ஒரு கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். கீழே உள்ள தட்டில் குண்டு மோதியதும் கடிகாரம் நின்றுவிடும். தூரமும் நேரமும் தெரிந்தால் போதுமாம், மிச்சக் கணக்கைக் கருவியே போட்டுச் சிவப்பு எழுத்தில் காட்டிவிடும். என் போன்றவளுக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு வருடத்துக்கும் மேலாகப் போராடியும் விடை குறைவாகவே வந்தது. தட்டு ஆடுகிறது என்று இறுக்கினார். பக்கத்துத் தறிக்கொட்டகை அதிர்ச்சி என்று சட்டத்தைச் சுவரோடு சேர்த்து அடித்தார். மின்விசிறியை நிறுத்தினார். ஒவ்வொரு தப்பைக் கண்டுபிடித்தபோதும் எண் கொஞ்சம் ஏறியது, எட்ட வேண்டிய இடத்தை எட்டவில்லை. "காந்தம் விடமாட்டேங்குதுங்க. கரண்ட் போனப்பறமும் குண்டக் கொஞ்ச நேரம் புடிச்சு வெச்சுக்குது" என்றார். பிடித்தால் விடாத என் மாமியாரைக் காந்தத்துக்குக் கட்டிக் கொடுக்கலாமா என்று கேட்டேன். அதைக்கூட யோசித்துவிட்டுத்தான் சிரித்தார்.

இதற்குள் இயற்பியலுக்குப் பிள்ளைகள் சேர்வது குறைந்துகொண்டே போனது. எல்லாருக்கும் கம்ப்யூட்டர் வேண்டும். கல்லூரித் தாளாளர் மரியாதையான மனிதர். அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மோர் கொடுக்கச் சொல்லி, "ஏனுங்க மேடம், வர்ற வருசமும் ஆள் சேரலீன்னா உங்க லேபைக் கம்ப்யூட்டர்காரங்களுக்குக் குடுத்துப்போடலாம்னு இருக்கறேன். ப்ளஸ் டூ புள்ளைங்க கல்லூரி பாக்க வர்ற அன்னிக்கு, வாயத் தொறந்து பாக்கற மாதிரி ஏதாச்சும் செஞ்சு வைங்க. பாக்கலாம்" என்றாராம்.

அக்கா தனக்காக மட்டும் பயப்படவில்லை. அவருடைய ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவரை நாங்கள் அண்ணன் என்போம். ஒரு நூற்பாலை மூடியபோது வேலை போய், எங்கெங்கோ அலைந்து இங்கு வந்து சேர்ந்தவர். இந்த வேலையும் போனால் அந்த வயதில் யாரும் அவரை எடுக்க மாட்டார்கள். கருவியைத் துடைப்பது, குண்டுகளுக்கு எண்ணெய் போடுவது எல்லாம் அவர்தான்.

பிள்ளைகள் வருகிற நாளுக்குக் கொஞ்சம் முன்னால், அக்கா சின்னக் குண்டை எடுத்துவிட்டுப் பெரிய குண்டு ஒன்றை மாட்டிப் பார்த்தார். கனமான குண்டு காந்தத்தின் பிடியைச் சீக்கிரம் பிய்த்துக்கொண்டு வரும் என்பது அவர் எண்ணம். பொத்தானை அழுத்தியதும் சிவப்பு எழுத்தில் ஒன்பது புள்ளி ஏழு எட்டு வந்தது. மறுபடியும் அதே. மறுபடியும் அதே. தமிழ்த்துறைக்கு ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். "வந்துருச்சுங்க அம்மணி! நம்மூரு நம்பரு வந்துருச்சுங்க!" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அண்ணன் பேக்கரிக்குப் போய் எல்லாருக்கும் தேங்காய் பன் வாங்கி வந்தார். பிரசவ வார்டு வாசலில் நிற்கிற மாதிரி எல்லாரும் சிரித்துக்கொண்டு நின்றோம்.

பிள்ளைகள் வந்த அன்று கூட்டம் அந்தக் கருவியைச் சுற்றித்தான். பையன்கள் வரிசை கட்டிப் பொத்தானை அழுத்தினார்கள். தாளாளர் படம் எடுத்து விளம்பரத் தாளில் போடச் சொன்னார். லேபை எடுக்கிற பேச்சை இப்போதைக்குத் தள்ளி வைத்தார்.

அடுத்த வாரம் பேருந்தில் அக்கா மடியில் ஒரு நோட்டைப் பிரித்து வைத்துக் கணக்கையே பார்த்துக்கொண்டு வந்தார். சூலூர் தாண்டியதும் சொன்னார்.

"குண்ட மாத்துனேன். கணக்க மாத்தலீங்க."

எனக்குப் புரியவில்லை. பொறுமையாக விளக்கினார். குண்டின் அடிப்பக்கம்தான் தட்டில் மோதுகிறது. அதனால் காந்தத்திலிருந்து தட்டு வரை உள்ள தூரத்தில் குண்டின் பருமனைக் கழித்துக்கொள்ள வேண்டும். கருவிக்குள் அவர் எழுதி வைத்திருந்தது சின்னக் குண்டின் பருமன். பெரிய குண்டு மாட்டிய பிறகும் அதுவே இருந்துவிட்டது. குண்டு விழுந்த தூரம் குறைவு, கருவி போட்ட கணக்கு கூடுதல். காந்தத்தின் தப்பு எண்ணைக் கீழே இழுக்க, இந்தத் தப்பு மேலே தூக்க, இரண்டும் சேர்ந்து ஒன்பது புள்ளி ஏழு எட்டு.

"சரி, இப்பத் திருத்திட்டாப் போச்சு" என்றேன்.

"திருத்திப் பாத்தேன். பழையபடி கொறச்சலாத்தான் வருது." பிறகு, "அதுகூடப் பெருசில்லீங்க. கொறச்சலா வந்தப்பெல்லாம் எங்க தப்பு எங்க தப்புன்னு தேடுனேன். புடிச்ச நம்பரு வந்ததும் தேடறத நிறுத்திட்டேன். ஒருக்காகூடச் சந்தேகப்படலை. வெடையப் பாத்து ரீடிங் எடுத்தவ நானும்தானுங்களே? அந்தப் புள்ளைய ஃபெயிலாக்கறதுக்கு நான் ஆரு?" என்றார்.

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

தாளாளரிடம் அன்றே சொல்லிவிடுவது என்றுதான் ஆய்வகத்துக்குப் போனார். அங்கே அண்ணன் அவர் காலில் விழாத குறை. "பொறவு சொல்லிக்கலாமுங்க மேடம். புள்ளைங்க வந்து சேந்துட்டுப் போவட்டும். இந்தப் பொட்டி காட்டற நம்பரு கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா ஆரு சாகப் போறாங்க? வேலை போனா நான் எங்க போவனுங்க?" என்றிருக்கிறார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நானும் அதைத்தான் சொன்னேன். அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சரியென்று தலையாட்டினார்.

அதன் பிறகு அவர் வேறு ஆளாகிவிட்டார். ஆசிரியர் கூட்டத்தில் தேர்ச்சிக் கணக்கைக் கூட்டிச் சொல்வார்கள், முன்பெல்லாம் எழுந்து திருத்துவார், இப்போது கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். விளம்பரத் தாள் பேருந்தின் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்தது, அதில் கருவியும் அவரும் இருந்தார்கள். ஏறும்போது அந்தப் பக்கம் பார்க்க மாட்டார்.

ஜூன் மாதம் சேர்க்கை முடிந்தது. இயற்பியலுக்கு வந்தவர்கள் ஒரு பெஞ்சை நிரப்பக் காணாது. அவர்களும் வேறு இடம் கிடைக்கும் வரை உட்கார வந்தவர்கள். தாளாளர் அவர்களை வேறு துறைக்கு மாற்றினார், துறையை மூடினார், அக்காவின் வேலையும் அதோடு போனது. மறுநாளே அக்கா அவர் அறைக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"அந்தக் கருவி காட்டுனது தப்புங்க. எனக்கு முன்னமே தெரியும். சொல்லாம இருந்துட்டேன்."

தாளாளர் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். அவருக்கு எந்தக் கருவி என்று நினைவுக்கு வர நேரம் பிடித்தது. "அட, அதெல்லாம் இனி எதுக்குங்க மேடம், லேபே இல்லையே" என்று அன்பாகத்தான் சொன்னார். அண்ணனை ஒரு மாதச் சம்பளத்தோடு அனுப்பிவிட்டார்கள். போகும்போது, சட்டத்தை என்ன செய்வது என்று அக்காவிடம் கேட்டார். "பழைய இரும்புக்குப் போட்டுருங்கண்ணா" என்றார் அக்கா.

அவருக்கு இன்னும் ஓர் இடம் பாக்கி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு உடுமலைக்குப் பேருந்து ஏறினார். அந்தப் பெண்ணின் புகுந்த வீட்டைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தோம். இடுப்பில் குழந்தையோடு வெளியே வந்தவள் எங்களைப் பார்த்ததும் பூரித்துப்போனாள். நாற்காலி போட்டாள், இளநீர் வெட்டச் சொன்னாள். மாமியாரிடம் "எங்க மேடம், எங்க மேடம்" என்று பெருமையாகச் சொன்னாள். அக்கா இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார்.

"அன்னிக்கு நீ நெசமாவே ரீடிங் எடுத்தியா கண்ணு?"

அந்தப் பெண் ஒருகணம் அவரையே பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மாமியார் இருந்த பக்கம் திரும்பினாள். சிரித்தாள்.

"அதெல்லாம் மறந்தே போச்சுங்க மேடம். இளநி குடிங்க, சூடாயிரும்."

அக்கா மறுபடி கேட்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு வந்தார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நான் வேறு கல்லூரிக்குப் போய்விட்டேன். அவருடைய எண்ணுக்குப் போட்டால் எடுப்பதில்லை.

இந்த வருடம் என் கூடப்பிறந்த அண்ணனின் மகளை மருத்துவ நுழைவுத் தேர்வுப் பயிற்சியில் சேர்க்க, காந்திபுரத்தில் ஒரு மையத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். அலுவலகத்தில் ஆள் வரும்வரை மாடி நடையில் நின்றுகொண்டிருந்தோம். பக்கத்து வகுப்பில் ஒலிபெருக்கி வைத்துப் பாடம் நடந்தது. எனக்குப் பழகிய குரல். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர்தான். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் முன்னால் மைக்கைக் காலரில் குத்திக்கொண்டு நின்றார்.

"பூமி இழுக்கற அந்த ஜி-க்குப் பத்துன்னு போட்டுக்கங்க. கணக்கு சீக்கிரம் முடியும்."

முன்வரிசையில் ஒரு பையன் கையைத் தூக்கினான். "மேடம், ஸ்கூல்ல ஒன்பது புள்ளி எட்டுன்னு சொன்னாங்க. பத்துன்னு போட்டா விடை தப்பா வராதுங்களா?"

அவர் யோசிக்கவே இல்லை.

"வந்தா என்ன கண்ணு? கீழ நாலு விடை குடுத்திருக்கறாங்கல்ல, அதுல எது கிட்டத்துல இருக்குதோ அதைக் குறிச்சுப்போட்டு அடுத்ததுக்குப் போ."

பிள்ளைகள் குனிந்து குறித்துக்கொண்டார்கள். அவர் பலகையில் இருந்ததை அழித்துவிட்டு அடுத்த கணக்கை எழுத ஆரம்பித்தார். என் அண்ணன் மகள், "இந்த மேடம் சூப்பரா நடத்தறாங்கத்தை, இங்கயே சேந்துக்கறேன்" என்றாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டேன்.